கைசருக்குச் சொன்ன நல்ல வார்த்தை

படகு போயிடுச்சேன்னு சொல்லாதீங்க தம்பி. திரும்பி வரப் போயிருக்குன்னு சொல்லுங்க. அப்படிச் சொன்னா வாய் வலிக்குமா? வாங்க, இந்த மூட்டை மேல உக்காருங்க. மிளகுதான், குத்தாது. மேல ஓலை போட்டிருக்கு, நனைய மாட்டீங்க. மழை இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பேசும். படகுக்காரனும் அக்கரையில நின்னு பேசுவான். ரெண்டு பேரும் பேசி முடிச்சாத்தான் நாம முசிறிக்குப் போய்ச் சேர முடியும்.

உறையூரா நீங்க? துணிப் பொதியைக் கட்டியிருக்கிற விதத்துலயே தெரிஞ்சுது. யவனக் கப்பல்காரங்களைப் பாக்கப் போறீங்களா? போங்க, நல்ல மனுசங்கதான். ஆனா அவங்க காது ரொம்ப நேரான காது. நாம வாயால சொல்றது ஒண்ணு இருக்கும், மனசுல சொல்ல வர்றது ஒண்ணு இருக்கும். அந்த ரெண்டாவது அவங்களுக்குப் போய்ச் சேராது. முதல்ல காதுல விழுந்ததையே பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்படிப் பிடிச்சுக்கிட்டு நின்னு ஒரு ராசாங்கமே நிறைஞ்சு போச்சு.

நிறைஞ்சு போச்சுன்னா என்னன்னு புரியுதுல்ல? ஆங். நீங்க நம்ம ஆளு.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? நான் ரோமாபுரியில, கைசரோட அரமனையில, பெரிய ஆளா இருந்தவன். சிரிங்க, சிரிங்க. என் பெஞ்சாதியும் இந்த இடத்துல சிரிப்பா. பேரு பூதன். பேரைப் பாருங்க, ஆளைப் பாருங்க. காத்தடிச்சா கம்பத்தைப் பிடிச்சுக்கிற உடம்புக்கு பூதன்னு பேரு. யவனங்க வாயில அதுவும் நுழையல. மிளகோட வந்தவன்கிறதால 'மிளகு'ன்னே கூப்பிட்டாங்க. 'ஏ மிளகே'ன்னா நான்தான்.

எந்தக் கைசர்னு கேக்காதீங்க. அங்க எல்லா ராசாவும் கைசர்தான். இவரு பேரைக் கல்லுல வெட்டி வச்சிருந்த இடமெல்லாம் அப்புறம் செதுக்கி எடுத்துட்டாங்களாம். அதனால நான் பேரைச் சொன்னாலும் இல்லைன்னு சாதிப்பாங்க. எனக்குக் கைசர்னா அவர் ஒருத்தர்தான்.

முதல்ல எங்க அம்மாவைப் பத்திச் சொல்லணும். எங்க அம்மா வாயில ஒரு கெட்ட வார்த்தை வராது. திட்டுற வார்த்தை தாராளமா வரும், தெருவே கேக்கும். நான் சொல்றது அமங்கலமான வார்த்தை. அரிசி தீர்ந்தா, 'பானை நிறைஞ்சிருக்குடா, போய் வாங்கிட்டு வா'ம்பா. வளையல் உடைஞ்சா பெருகிடுச்சு. விளக்கை அணைக்கக் கூடாது, குளிர வைக்கணும். வீட்டுக்குள்ள பாம்பு வந்தா, 'நல்லவர் வந்திருக்கார்'னு கத்துவா. பக்கத்து வீட்டுக்காரன் தலைத்துண்டைச் சரிபண்ணிக்கிட்டு விருந்தாளியைப் பாக்க வந்து நிப்பான். எங்க அப்பா கடலுக்குப் போனவர் கடலோட இருந்துட்டார். அதை அவ என்கிட்ட எப்படிச் சொன்னா தெரியுமா? 'அப்பா கடலுக்குக் காவலா இருக்கார்'னா. எனக்கு மீசை முளைக்கிற வரைக்கும் எங்கப்பாவுக்குக் கடல்ல ஏதோ பெரிய உத்தியோகம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கேட்டவங்களும் ஆமாம்பா, பெரிய உத்தியோகம்தான்னு தலையாட்டினாங்க. பாருங்க, எவ்வளவு நல்ல ஊரு.

இப்படி வளர்ந்த வாயைத் தூக்கிக்கிட்டுத்தான் நான் யவனக் கப்பல் ஏறினேன். மூட்டையில ஈரம் ஏறாமப் பாத்துக்கிற வேலை. கடல், பாலைவனம், மறுபடி ஆறு, மறுபடி கடல். ரோமாபுரிக்கு மிளகு போய்ச் சேர்ந்துது, மிளகோட நானும் போய்ச் சேர்ந்தேன். அரமனைச் சமையக்கட்டுல ஒரு மிளகு அறை. அதுக்குள்ள என்னைப் போட்டுட்டாங்க.

அங்க அகத்தோன்னு ஒருத்தர், அரமனை மேற்பார்வையாளர். யவனன்தான், சின்ன வயசுல அடிமையா வந்து அப்புறம் விடுதலையானவர். எனக்கு மொழி கத்துக்கொடுத்தது அவர்தான். ரொட்டி, தண்ணி, எண்ணெய், வா, உக்காரு, சந்தோசம். நல்லாத்தான் கத்துக்கிட்டேன். நடுவுல காய்ச்சல், கத்தி, பிணம்னு ஏதாவது கத்துக்கொடுக்க ஆரம்பிச்சா காதைப் பொத்திக்குவேன்.

"ஏ மிளகே, இதெல்லாம் இல்லாம ரோமாபுரியில ஒரு நாள் பேச முடியாதுடா"ம்பார்.

"நல்ல வார்த்தையா கொடுங்கண்ணே. மத்ததை எனக்கு வேண்டாம்."

"உலகத்துல பாதியை விட்டுட்டுப் பேசப் போறியா?"

"நல்ல பாதியைத்தானே வச்சுக்கிறேன்."

பதிலைப் பாத்தீங்களா? அப்ப என்னைப் பெரிய ஞானின்னு நினைச்சுக்கிட்டேன்.

கைசரும் கிட்டத்தட்ட என்னை மாதிரிதான், ஆளு மட்டும் மூணு மடங்கு. வயசு சின்னது, கன்னமெல்லாம் வெண்ணெய். அவருக்கு முன்னாடி இருந்தவர் அவரோட மாமா. ஒரு நாள் காலையில எழுந்ததும் யாரோ ஒருத்தன் ஏதோ கெட்ட செய்தி சொன்னானாம், சாயங்காலத்துக்குள்ள அந்த மாமா குளிர்ந்துட்டாராம். அன்னையிலேர்ந்து இவருக்குப் பயம். காலையில ஒரு நல்ல வார்த்தை காதுல விழாம கட்டிலை விட்டுக் காலைத் தரையில வைக்க மாட்டார். சபையில எவனாவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி வெளியில தள்ளச் சொல்லிடுவார்.

ஒரு நாள் அவரே சமையக்கட்டுக்கு வந்துட்டார். பசி வந்தா அப்படித்தான், ராசா மாதிரி இருக்காது. நேரா என்கிட்ட வந்து, "மிளகு இருக்கா?"ன்னார்.

மிளகு ஒரு மணி இல்லை. எனக்குப் பின்னாடி பெரிய சமையக்காரன் காலி ஜாடியைக் கவிழ்த்துக் காட்டிக்கிட்டு நிக்கிறான். நான் என்ன சொல்லுவேன்? வாய் தானா சொல்லிடுச்சு.

"நிறைஞ்சிருக்கு, கைசரே."

யவன மொழியில சொன்னேன் தம்பி. நாக்குதான் யவனம், உள்ள உக்காந்து பேசுறது எங்கம்மா. பெரிய சமையக்காரன் தலையில அடிச்சுக்கிட்டான். கைசர் சந்தோசமாப் போயிட்டார். என் நேரத்தைப் பாருங்க, அன்னைக்குச் சாயங்காலமே துறைமுகத்துலேர்ந்து வண்டி வண்டியா மிளகு வந்து இறங்குது. சமையக்காரன் ஓடிப்போய்க் கைசர்கிட்டச் சொல்லிட்டான்: காலையில ஜாடி காலி, இவன் நிறைஞ்சிருக்குன்னான், இப்ப நிறைஞ்சிருக்கு.

அவ்வளவுதான். மறுநாள் காலையில என்னைக் கைசரோட கட்டில்கிட்ட நிறுத்திட்டாங்க. கிழக்குத் தேசத்து ஞானி. சொன்னது பலிக்கும் நாக்கு. "என் மிளகே, நீ சொல்லு, அப்புறம் நான் எழுந்திரிக்கிறேன்"ம்பார். நான், "ஊரு வெளிச்சமா இருக்கு, கைசரே"ம்பேன். சூரியன் வந்தா வெளிச்சமாத்தான் இருக்கும். அதுக்கு எனக்கு ஓரத்துல ஊதாக் கரை போட்ட போர்வை கொடுத்தாங்க.

அந்தப் போர்வையைப் போட்டதும் எனக்கு நடை மாறிடுச்சு தம்பி. பேசுறதுக்கு முன்னாடி ஒரு தடவை இருமுவேன். கண்ணைப் பாதி மூடிக்குவேன். மூட்டைக்கு ஈரம் பாத்த பய, பல்லக்கு வேணும்னு கேட்டேன். கொடுத்தாங்க. ஏறத் தெரியாம அந்தப் பக்கமா விழுந்தேன். விழுந்து கிடக்கிறப்பவும் கண்ணைப் பாதி மூடிக்கிட்டே கிடந்தேன். பூமாதேவியை வணங்குறார்னு கூட இருந்தவன் ஒருத்தன் சொன்னான். நானும் ஆமான்னுட்டேன்.

சபையில இருக்கிறவங்களுக்கு என்னை மாதிரி ஒரு சௌகரியம் கிடைச்சா விடுவாங்களா? யாருக்கெல்லாம் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கோ அவங்கெல்லாம் என்னைப் பிடிச்சாங்க. "மிளகய்யா, நீங்க சொன்னா அவர் கேப்பார், நீங்களே சொல்லிடுங்க." அய்யாங்கிறான், நான் விடுவேனா?

தானிய அதிகாரி ஒருத்தன் நடுங்கிக்கிட்டு வந்தான். எகிப்துலேர்ந்து கப்பல் வரலை, களஞ்சியத்துல எலி கூட இல்லை, ஜனங்க ரொட்டி இல்லாமக் கத்துறாங்க. இதைச் சொல்லணும். சொன்னேன்.

"களஞ்சியம் நிறைஞ்சிருக்கு, கைசரே."

"நல்லது. வெளியில என்ன சத்தம்?"

"ஊரு பூரா உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்கு."

ஒரு வார்த்தை பொய் உண்டா இதுல? களஞ்சியம் எங்க அம்மா சொல்ற மாதிரி நிறைஞ்சுதான் இருந்துது. ஜனங்க அவர் பேரைத்தான் சொன்னாங்க, கூடவே அவரோட அம்மா பேரையும் சொன்னாங்க, அதை நான் விட்டுட்டேன். நம்ம ஊர்ல இதைச் சொல்லியிருந்தா எந்தச் சின்ன ராசாவும் 'அப்படியா, உடனே பக்கத்து நாட்டுல நெல்லுக்கு ஆள் அனுப்பு'ன்னு எழுந்திருப்பான். இவர் என்ன பண்ணினார்? மாடத்துல போய் நின்னு கையசைச்சார். கீழேர்ந்து காலி ரொட்டிக்கூடை ஒண்ணு பறந்து வந்துது. "பரிசு கொடுக்கிறாங்கடா"ன்னு அதைப் பத்திரப்படுத்தச் சொன்னார். இருந்த கொஞ்ச மாவையும் எடுத்து, ஜனங்களுக்கு இனிப்புப் பலகாரம் சுடுங்க, ரொட்டிதான் தினம் தின்றாங்களேன்னு உத்தரவு போட்டார்.

நான் என்ன செய்ய?

அப்புறம்தான் வடக்கேயிருந்து சேதி வந்துது. வடக்கு எல்லையில இருந்த படை இவரை வேண்டாம்னுட்டு, அவங்க தளபதியையே புதுக் கைசரா ஆக்கிக்கிட்டு, தலைநகரைப் பாத்துக் கிளம்பிடுச்சு. இதைச் சொல்ல ஒருத்தரும் முன்னால வரலை. வழக்கம்போல மிளகய்யா. ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில போர்வையைச் சரிபண்ணிக்கிட்டு, இருமிட்டு, சொன்னேன்.

"வடக்குப் படை உங்களைப் பாக்கப் புறப்பட்டு வருது, கைசரே."

அவர் கட்டில்லேர்ந்து குழந்தை மாதிரிக் குதிச்சார். "என்னைப் பாக்கவா? அவ்வளவு தூரத்துலேர்ந்தா?" கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எனக்கே அந்த முகத்தைப் பாத்ததும், ஒருவேளை பாக்கத்தான் வர்றாங்களோன்னு தோணிச்சு.

காவல்படைத் தலைவன் ஒருத்தன், ரூபஸ்னு பேரு, நான் ரூபன்னு கூப்பிடுவேன், எருமை மாதிரி ஆளு. அவன் வந்து, "வடக்குப் பாலத்தை உடைச்சுடணும், இப்பவே உடைச்சா தப்பிக்கலாம்"னான். கைசர் சிரிக்கிறார். "பாக்க வர்றவங்களுக்கு யாராவது பாலத்தை உடைப்பாங்களாடா? பாலத்துல தோரணம் கட்டு." ரூபன் என்னை ஒரு பார்வை பாத்தான். நான் கண்ணைப் பாதி மூடியிருந்ததால முழுசாத் தெரியல. தோரணம் கட்டின அன்னைக்கே அவன் தன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அந்தப் பாலத்து வழியாவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டான். தோரணத்துல அவன்தான் முதல் ஆளு.

அகத்தோன் என்னை மிளகு அறைக்குள்ள இழுத்துக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏன்டா அந்த மனுசன்கிட்டப் பொய் சொல்றே?"

"நான் எங்கண்ணே பொய் சொன்னேன்? படை வரலையா?"

"வருது."

"வந்தா அவரைப் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. பாத்துட்டு?"

"பாத்துட்டு... அது அவங்க இஷ்டம்."

"அந்த ரெண்டாவது பாதியைச் சொல்லுடா மிளகே! அது தெரிஞ்சாத்தான் அவர் உயிரோட இருப்பார்."

எனக்குக் கோபம் வந்துடுச்சு. எங்கம்மா வளர்ப்பைப் பத்திப் பேசுறாரேன்னு. "பெரிய மனுசங்க முன்னாடி அதெல்லாம் வாயில எடுக்கக் கூடாதுண்ணே. சொல்லிட்டா நடந்துடும்"னேன். அவர், "சொல்லாட்டி நடக்காதா?"ன்னார்.

நல்ல கேள்விதான். இப்ப வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

படை பாலத்தைத் தாண்டினதும் அரமனை நிறைய ஆரம்பிச்சுது பாருங்க. நிறைஞ்ச நிறைவு, ஒருத்தரும் மிச்சமில்லை. உப்பு வாங்கிட்டு வர்றேன்னு போன பெரிய சமையக்காரன், கூடவே வெள்ளிப் பாத்திரத்தையும் கொண்டுபோனான். உப்பு கொட்டி வைக்க இருக்கும். தானிய அதிகாரி சன்னல் வழியாப் போனார். மந்திரிமாருங்க மேலாடையைக் கழட்டி எறிஞ்சுட்டு அடிமைங்க வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போனாங்க. அடிமைங்க அந்த மேலாடையைப் போட்டுக்கிட்டுப் போனாங்க. எவன் எவன்னு யாருக்கும் தெரியல. நான் என் ஊதாக் கரையை உள்பக்கமா மடிச்சுக்கிட்டேன்.

நீங்களும் போயிருக்கலாமேங்கிறீங்க. போகலாம்னுதான் பாத்தேன். கைசர் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "எல்லாரும் எங்கடா?"ன்னார். "உங்களுக்காகத்தான் அலைஞ்சுக்கிட்டிருக்காங்க"ன்னேன். காலைக் கீழ வைக்காம என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தார். அந்தக் காலைப் பாத்ததும் என்னால நகர முடியல தம்பி. சின்னப் பிள்ளை கால் மாதிரி கொழுகொழுன்னு.

மிஞ்சினது நாலு பேர். கைசர், நான், அகத்தோன், அப்புறம் துல்லான்னு ஒரு கிழவி. கைசருக்குப் பால் கொடுத்து வளர்த்தவ. கண்ணு ரெண்டும் மங்கல், பல்லு ஒண்ணு கூட இல்லை. அகத்தோன் ஒரு தட்டுமுட்டுச் சாமான் வண்டியில எங்களை ஏத்தி, ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். அங்க மீனை உப்புல ஊறப்போட்டுச் சாறு எடுக்கிற கொட்டகை ஒண்ணு. அதோட வாசனையைச் சொல்ல நல்ல வார்த்தை எங்கம்மாகிட்ட கூடக் கிடையாது. கொட்டகைக்குக் கீழ, நாணல் புதருக்குள்ள ஒரு படகு. படகுக்காரன் பயந்து ஓடிடக் கூடாதுன்னு அகத்தோன் அவன் பக்கத்துலயே உக்காந்துட்டார். நான் கொட்டகைக்குக் கிளம்பும்போது என் தோளைப் பிடிச்சார்.

"நீ போய் அவரைக் கூட்டிட்டு வா. நான் சொன்னா அவர் கேக்க மாட்டார், நீ சொன்னா வருவார். குதிரைக்காரங்க வர்றதுக்குள்ள படகுல ஏறிட்டா உயிர் மிஞ்சும். புரியுதா?"

"போய்ட்டு வர்றேண்ணே"ன்னேன்.

நல்ல உச்சி வெயில். கொட்டகைக்கு ஏறுறப்பவே தூரத்துல சாலையில புழுதி கிளம்புறதைப் பாத்துட்டேன். உள்ள கைசர் ஒரு கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல உக்காந்திருக்கார். கிழவி அவர் முதுகைத் தடவிக்கிட்டு நிக்கிறா.

"கைசரே, படகு வந்திருக்கு, வாங்க."

"சாலையில யாரோ வர்ற மாதிரிச் சத்தம் கேக்குதே, என் மிளகே. யாரு?"

"படைதான்."

"எந்தப் படை?"

"வடக்குப் படை."

எழுந்தே நின்னுட்டார். முகமெல்லாம் வெளிச்சம். "நீ சொன்ன படையா? என்னைப் பாக்க வர்ற படையா? அடடா! அந்த ரூபன் பய என்னைக் காட்டிக்கொடுத்துட்டான், இவங்க என்னைக் காப்பாத்த வந்துட்டாங்க. நான் எதுக்கு நாணலுக்குள்ள ஒளியணும்? அம்மா, என் மேலாடையை எடு."

சரி, இன்னைக்குச் சொல்லித்தான் ஆகணும், அம்மா மன்னிக்கட்டும்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். வாயைத் திறந்தேன்.

வார்த்தை இல்லை தம்பி.

அந்த வார்த்தையை நான் கத்துக்கவே இல்லையே! அகத்தோன் சொல்லும்போதெல்லாம் காதைப் பொத்திக்கிட்டவன்தானே நான்? ரொட்டி தெரியும், எண்ணெய் தெரியும், சந்தோசம் தெரியும். அது தெரியாது. "பாக்க இல்லை, கைசரே, பாக்க இல்லை"ன்னேன்.

"பாக்க இல்லைன்னா வேற எதுக்கு?"

கையைக் கழுத்துக்குக் குறுக்கே வச்சு இழுத்துக் காட்டினேன்.

"மாலையா?"ன்னார்.

தலையை வேகமா ஆட்டினேன். மறுபடியும் இழுத்துக் காட்டினேன். "தங்கத்துலயா?"ன்னார்.

கையைப் பிடிச்சு இழுத்தேன். அந்த உடம்பை நானா இழுக்கிறது? கோயில் தூணை ஆட்டுக்குட்டி இழுத்த மாதிரி. குளம்புச் சத்தம் கிட்டக் கிட்டக் கேக்குது. எனக்கு எல்லாம் மறந்துடுச்சு, யவனம் மறந்துடுச்சு, ஞானி மறந்துடுச்சு. வாழ்நாள்ல ஒரு நாளும் சொல்லாததை, காதைப் பொத்திக்கங்க தம்பி, சொல்றேன், நம்ம மொழியில தொண்டை கிழியக் கத்தினேன்.

"கொல்ல வர்றாங்கய்யா! கொல்ல வர்றாங்க! ஓடு!"

கைசர் அப்படியே நின்னுட்டார். நான் என் மொழியில பேசி அவர் அதுவரைக்கும் கேட்டதில்லை. நான் வேற கண்ணுல தண்ணியா நிக்கிறேன், கை ரெண்டும் மேல தூக்கியிருக்கு. அவருக்கு என்ன தோணும்? மெதுவா மண்டி போட்டார். என் முன்னாடி, அந்த மீன் தண்ணியில, ரோமாபுரி ராசா மண்டி போட்டுட்டார்.

"உன் தேசத்து வாழ்த்தா?"ன்னு கேட்டார். "இன்னொரு தடவை சொல்லு, என் மிளகே."

நான் இன்னொரு தடவை சொன்னேன். சொல்லாம எப்படி? கேட்டாவது ஓடுவாரான்னுதான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு, என் வாயையே பிடிச்ச மாதிரிச் சொல்லிப் பாத்தார். "கொல்ல வர்றாங்க. கொல்ல வர்றாங்க." சுத்தமாச் சொன்னார். கிழவியும் கூடவே சொன்னா. அப்புறம் எழுந்து என் தலையைத் தொட்டு, "நீ நடுங்குறே, சந்தோசத்துல உன்னால நிக்க முடியல. போ, அகத்தோன்கிட்டப் படகு வேண்டாம்னு சொல்லு. நான் வாசல்ல நின்னு அவங்களை வரவேற்கிறேன்"னார்.

நான் ஓடினேன். அன்னைக்கு நான் ஓடுன்னு சொன்னதைப் புரிஞ்சுக்கிட்டு ஓடினவன் நான் ஒருத்தன்தான்.

அகத்தோன் என் முகத்தைப் பாத்ததுமே என்னைப் படகுக்குள்ள இழுத்துப் போட்டார். படகைத் தள்ளிட்டார். நாணல் மறைச்சுக்கிட்டதால நான் எதையும் பாக்கல. பாத்திருந்தாலும் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? கைசர் நிறைஞ்சுட்டார். அதோட விடுங்க.

இருங்க, மணி அடிக்கிற மாதிரிக் கேக்குது, படகு கிளம்பிடுச்சு போல. வந்து சேர நேரமாகும். ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன்.

நான் எகிப்துல அலெக்சாந்திரியாத் துறைமுகத்துல நம்ம பக்கம் திரும்புறதுக்குக் காத்துக்கிட்டுக் கிடந்தேன். பாலைவனத்துக்கு அந்தப் பக்கக் கடல்ல மழைக்காத்து தொடங்கினாத்தான் நம்ம பக்கத்துக் கப்பல் கிளம்பும். ஊதாக் கரையைக் கிழிச்சுட்டுப் போர்வையை வித்துத் தின்னாச்சு, மறுபடியும் மூட்டைக்கு ஈரம் பாக்குற வேலை. ஒரு நாள் துறைமுக ஓரத்துல ஒரு கிழவி விளக்குத்திரி வித்துக்கிட்டிருக்கா. வாய் ஏதோ முணுமுணுக்குது. கிட்டப் போனதும் எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. நம்ம மொழி!

துல்லா. கிழவியைத் தொந்தரவு பண்ணாம விட்டுட்டாங்களாம். அவ சொந்த ஊரு எதுன்னு யாருக்கும் தெரியாம, எகிப்துக்குப் போற கப்பல்ல ஏத்திவிட்டிருக்காங்க. என் குரலைக் கேட்டதும் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"மிளகே, மிளகே, நீ கொடுத்த மந்திரம்தான்டா என் பிள்ளையைக் கடைசி வரைக்கும் காப்பாத்துச்சு"ன்னா.

பிடிச்ச கையை விடாமலே சொல்லிக்கிட்டுப் போனா.

"அவன் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி, உனக்குத் தெரியாதா? இருட்டுக்குப் பயம், இடிக்குப் பயம், கெட்ட வார்த்தைக்குப் பயம். அன்னைக்கு அவன் கை கொஞ்சம் கூட நடுங்கலடா. நான் பிடிச்சுக்கிட்டிருந்தேனே, எனக்குத் தெரியும். அதையே சொல்லிக்கிட்டு, சிரிச்ச முகமா வாசல்ல நின்னான். இப்ப நானும் படுக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிட்டுப் படுக்கிறேன். பயமே இல்லாமத் தூக்கம் வருது. அதுக்கு என்னடா அர்த்தம்?"

சொல்லுங்க தம்பி. நீங்க நாலு ஊரு பாத்தவர், நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?

நான் இருமினேன். பழக்கதோசம். "எப்பவும் நல்லா இருன்னு அர்த்தம், அம்மா"ன்னேன்.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்"னா. "நான் சரியாச் சொல்றேனான்னு பாரு." சொல்லிக் காட்டினா. பல்லில்லாத வாய் பாருங்க, நாக்கு நுனியில நிக்க மாட்டேங்குது, உள்ள மடிஞ்சுக்குது. கொல்லங்கிறது அவ வாயில கொள்ளன்னு வருது. 'கொள்ள வர்றாங்க'ங்கிறா. வரவேற்று உள்ள கூட்டிட்டுப் போக வர்றாங்கங்கிற மாதிரி. யவனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அந்தத் துறைமுகத்துலயே நம்ம காது ஒண்ணுக்குத்தான் அது வேற.

"சரியாச் சொல்றேனாடா?"

"ரொம்பச் சரிம்மா. அப்படியே சொல்லுங்க. மாத்திடாதீங்க."

நான் ஆத்துப் படகு ஏறுற அன்னைக்குத் தட்டுத் தடுமாறி வழியனுப்ப வந்தா. என்னைக் குனியச் சொன்னா. ரெண்டு கையையும் என் தலையில வச்சு, கண்ணை மூடிக்கிட்டு, அடிவயித்துலேர்ந்து அந்த வாழ்த்தை எனக்குச் சொன்னா. நான் என்ன பண்ணுவேன் தம்பி? பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணும்போது வேண்டாம்னா சொல்ல முடியும்? நல்லாக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.